பழைய மோட்டார் படகில் கைக்கு எட்டாத பெட்ரோல் குழாய்களை மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

இருபது வயதைத் தாண்டிய ஃபைபர் படகுகளில் எஞ்சினுக்கு அருகே கண்ணில் படும் அரை மீட்டர் குழாயை மட்டும் மாற்றிவிட்டு, பக்கச் சுவருக்குள்ளும் தளத்துக்கு அடியிலும் ஓடும் நான்கைந்து மீட்டரை அப்படியே விட்டுவிடுவதுதான் மும்பைப் பட்டறைகளில் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. மறைந்திருக்கும் குழாய்க்கும் அதே வயதுதான். அது கசிந்தால் பெட்ரோல் யார் கண்ணிலும் படாமல் படகின் அடிவயிற்றில் போய்ச் சேரும்.

மாற்ற வேண்டுமா என்ற ஐயம் இருந்தால், சோப்பு வாசனைகூட இல்லாத சுத்தமான வெள்ளைத் துணியால் குழாயை ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தித் துடைத்து, துணியைப் படகுக்கு வெளியே கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். துணியில் பெட்ரோல் மணந்தால், வெடிப்பு எதுவும் தெரியாவிட்டாலும், ரப்பரின் வழியாகவே பெட்ரோல் வெளியேறத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் குழாய்க்கு இனி ஆயுள் இல்லை.

இந்த வேலைக்கு ஏற்ற காலம், மழைக்காக நாம் படகைக் கரையேற்றி வைக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்கள். கூரைக்கு அடியில், தரையில் அசையாமல் நிற்கும் படகில்தான் இதைச் செய்ய வேண்டும். இருவர் தேவை, மூன்று நாள் ஒதுக்குங்கள்.

1. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வரைந்துகொள்ளுங்கள்

பெட்ரோல் படகில் மூன்று குழாய்கள் இருக்கும். தளத்தின் மேலுள்ள மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் நிரப்புக் குழாய். டேங்கிலிருந்து படகின் வெளிப்பக்கத்துக்குப் போகும் காற்றுக் குழாய். டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக எஞ்சினுக்குப் போகும் சப்ளை குழாய். டீசல் படகாக இருந்தால், எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயும் உண்டு.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகளையும் கண்ணால் பார்த்து, தொட்டு உறுதி செய்யுங்கள். ஒருவர் ஒரு முனையை மெதுவாக அசைக்க, மற்றவர் மறுமுனையில் கை வைத்தால் அதே குழாய்தானா என்பது தெரிந்துவிடும். இரண்டு முனைகளிலும் ஒரே நிற டேப் சுற்றி, பெயர் எழுதுங்கள். படம் எடுப்பதையும் இப்போதே முடித்துவிடுங்கள். பெட்ரோல் திறந்த பிறகு செல்பேசியைப் படகுக்குள் கொண்டு போகக் கூடாது.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் மறப்பது இடையிலுள்ள பிடிப்புகளை. படகைக் கட்டியவர்கள் தளத்தை மூடுவதற்கு முன்பே குழாயை அங்கங்கே பட்டை போட்டுத் திருகியிருப்பார்கள். பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் விட்டுப் பார்த்து, எத்தனை பிடிப்புகள், எந்தெந்த இடத்தில் என்று வரைபடத்தில் குறியுங்கள். ஒரு பிடிப்பு கணக்கில் விட்டுப் போனாலும் ஆறாம் கட்டத்தில் அதன் விலையைக் கொடுப்பீர்கள்.

2. வாங்க வேண்டியவை

வெளி விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போவது வீண் அலைச்சல். குழாயின் உள்விட்டம்தான் கணக்கு. பழைய குழாயின் மேல் அளவு அச்சாகியிருக்கும். அழிந்து போயிருந்தால் அது ஏறியிருக்கும் நிப்பிளை (குழாயை மாட்டும் உலோக முனையை) அளந்துகொள்ளுங்கள். நிரப்புக் குழாய் பெரும்பாலும் 38 மி.மீ., காற்றுக் குழாய் 16 மி.மீ., சப்ளை குழாய் 8 அல்லது 10 மி.மீ. இருக்கும்.

குழாயின் தரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். படகுக்கான எரிபொருள் குழாயின் மேல் எஸ்ஏஇ ஜே1527 அல்லது ஐஎஸ்ஓ 7840 என்ற எண் அச்சாகியிருக்க வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வகைப்படி வருவதானால் ஏ1 அல்லது ஏ1-15 என்று பார்த்து வாங்குங்கள். ‘ஏ’ என்பது இரண்டரை நிமிடத் தீச்சோதனையைத் தாங்கிய குழாய். ‘பி’ வகைக்கு அந்தச் சோதனை இல்லை. 15 என்ற எண், ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியாக ஒரு நாளில் 15 கிராமுக்கு மேல் பெட்ரோல் ஊடுருவாது என்பதைக் குறிக்கிறது. வெறும் ஏ1 வகையில் அந்த வரம்பு 100 கிராம்.

இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரின் உட்பூச்சை ஊதவைத்து மென்மையாக்குகிறது. சென்ற ஆண்டு நான் கழற்றிய ஒரு சப்ளை குழாய் வெளியே புதிது போலப் பளபளப்பாக இருந்தது. பிளந்து உள்ளே விரலை வைத்தபோது உட்சுவர் காஜல் போல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் படகின் ஃபில்டரில் மாதந்தோறும் சேர்ந்த கரிய தூள் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

மும்பையின் நாக்தேவி தெருவில் கருப்பு நிறத்தில் நூறு வகை ரப்பர் குழாய் கிடைக்கும். தாருகானாவில் உடைத்த கப்பல்களிலிருந்து வந்த குழாய்கள் பாதி விலையில் தொங்கும். இரண்டு இடங்களுமே எனக்குப் பிடித்தமானவை. கருவிகள், கிளாம்ப் (குழாயை நிப்பிளின் மேல் இறுக்கும் திருகுப் பட்டை), பித்தளை இணைப்புகளுக்கு அங்கேதான் போகிறேன். ஆனால் எரிபொருள் குழாயை மட்டும், மேலே தர எண்ணும் தயாரிப்பு ஆண்டும் தெளிவாக அச்சாகாமல் வாங்க மாட்டேன். பழைய சரக்கு அறவே வேண்டாம். அடுக்கில் கிடக்கும்போதும் ரப்பருக்கு வயதாகிறது.

நீளத்தை அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். இழுப்பதற்காகக் கட்டும் முனையைப் பிறகு வெட்டி எறிய வேண்டியிருக்கும்.

கிளாம்ப் வாங்கும்போது ஒரு சிறு காந்தம் கையில் இருக்கட்டும். பட்டை துருப்பிடிக்காத எஃகாக இருந்து, திருகு மட்டும் சாதாரண இரும்பாக இருக்கும் கிளாம்ப்கள் நிறைய வருகின்றன. காந்தம் பட்டையில் ஒட்டாமல் திருகில் மட்டும் பளிச்சென்று ஒட்டினால் அதை வைத்துவிட்டு வாருங்கள். உப்புக் காற்றில் அந்தத் திருகு இரண்டு மழைக்காலம் தாங்காது. பட்டையில் துளை குத்தப்படாத வகையே நல்லது, ஏனென்றால் துளையின் விளிம்பு ரப்பரைச் சீவும். நிரப்புக் குழாய்க்கு 12 மி.மீ. அகலப் பட்டை வேண்டும்.

3. வழியைத் திறப்பது பெட்ரோலைத் தொடுவதற்கு முன்

பலர் முதலில் டேங்கைக் காலி செய்து, குழாயைக் கழற்றிய பிறகு, கை நுழையவில்லை என்று தளத்தை வெட்ட ட்ரில்லை எடுக்கிறார்கள். திறந்த குழாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும் இடத்தில் பொறி பறக்கும் மோட்டாரை ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் ஆவி காற்றில் ஒன்றரை விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அது காற்றைவிட எடை கூடியது. வெளியேறாமல் அடியில் தேங்கி நிற்கும்.

ஆகவே வெட்ட வேண்டியதை, எல்லா இணைப்புகளும் மூடியிருக்கும்போதே வெட்டி முடியுங்கள். டேங்கின் நிப்பிள்களுக்கு நேர் மேலே, தளத்தில் 15 அல்லது 20 செ.மீ. விட்டமுள்ள வட்ட மூடி பொருத்தினால், இப்போதைய வேலைக்கும் இனி ஆண்டுதோறும் பார்ப்பதற்கும் வழி கிடைக்கும். தளத்தின் தடிமனை முதலில் ஒரு சிறு துளையில் அளந்து, ரம்பம் அதற்கு மேல் இறங்காதபடி கட்டை வைத்துத் தடுத்துக்கொள்ளுங்கள். கீழே டேங்க் எத்தனை விரல்கடை தள்ளியிருக்கிறது என்று பக்கவாட்டிலிருந்து பார்க்காமல் அந்தச் சிறு துளையைக்கூடப் போடாதீர்கள். பெட்ரோல் வாசனை ஏற்கெனவே இருந்தால் மின்கருவியே வேண்டாம். நாலு மணி நேரம் காற்றோட விட்டு, வாசனை போன பிறகு கைரம்பத்தால் அறுங்கள்.

4. மின்சாரம், பிறகு பெட்ரோல்

பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், பிறகு நேர்முனையை. கரையிலிருந்து வரும் மின் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி முனையைக் கழற்றும்போது ஒரு சிறு பொறி வருவது இயல்பு. அந்தப் பொறி பெட்ரோல் திறப்பதற்கு முன்பே வந்து போய்விட வேண்டும் என்பதால்தான் இந்த வரிசை.

காற்றோட்டத்துக்காக வீட்டு மேசை விசிறியைப் படகுக்குள் இறக்கி வைப்பதை நான் பலமுறை தடுத்திருக்கிறேன். அதன் மோட்டார் ஆவியின் நடுவே சுழல்கிறது. விசிறியைப் படகுக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில் வைத்து, துணிக் குழலோ அட்டைக் குழலோ கட்டிச் சுத்தமான காற்றை உள்ளே தள்ளுங்கள். டார்ச்சை வெளியிலேயே எரியவிட்டு உள்ளே எடுத்துச் செல்லுங்கள். உலர்பொடித் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். படகுக்கு உள்ளே அல்ல, ஏறும் இடத்தில்.

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருப்பது நல்லது. கரையேற்றுவதற்கு முந்தைய வாரங்களில் ஓட்டியே அதைக் குறைத்துவிடுங்கள், ஏனென்றால் இறைத்தெடுத்த பெட்ரோலைக் கேன்களில் வைத்திருப்பதற்கும் வரம்பு உண்டு: 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எஞ்சியதைக் கைப்பம்பால் உலோகக் கேனில் இறைத்து, கூரைக்கு வெளியே நிழலில் வையுங்கள். கழிவுப் பெட்ரோலைச் சாக்கடையிலோ கடலிலோ ஒரு குவளைகூட ஊற்றாதீர்கள்.

5. முனைகளைக் கழற்றுவது

பழைய குழாய் நிப்பிளோடு ஒட்டிப் போயிருக்கும். முறுக்கி இழுத்தால் அலுமினிய டேங்கின் நிப்பிள் வேரோடு ஆடிவிடும், அதன் பிறகு டேங்கையே வெளியே எடுக்க வேண்டும். கிளாம்பைத் தளர்த்தி, கொக்கி வடிவ பிளேடால் குழாயை நீளவாக்கில் மேலோட்டமாகக் கீறுங்கள். பிறகு வாழைப்பழத்தோல் போல விரித்து உரியுங்கள். பிளேடு உலோகத்தைத் தொடக் கூடாது. நிப்பிளில் நீளவாக்கில் விழும் ஒரே ஒரு கீறல், எவ்வளவு கிளாம்ப் போட்டாலும் நிற்காத கசிவுக்கு வழியாகிவிடும். சூடு காட்டும் துப்பாக்கியை இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் பயன்படுத்தாதீர்கள்.

கழன்றதும் நிப்பிளுக்கு உடனே ஒரு ரப்பர் மூடி. குழாயின் முனையிலும் கார்க் அடித்துவிடுங்கள். உள்ளே தேங்கிய பெட்ரோல் இழுக்கும்போது கொட்டாமல் இருக்கும்.

டேங்கிலிருந்து சப்ளை குழாய் தொடங்கும் இடத்தில் ஸ்பிரிங்கும் குண்டும் உள்ள ஒரு சிறு வால்வு இருக்கும். எஞ்சின் இழுக்கும்போது மட்டும் திறப்பது அது. பெட்ரோல் சரியாக வரவில்லை என்று அதைக் கழற்றி எறிந்தவர்களை அறிவேன். குழாய் எங்காவது அறுந்தால், டேங்கிலுள்ள பெட்ரோல் தானாக இறங்கிப் படகுக்குள் கொட்டாமல் தடுப்பது அந்த வால்வு ஒன்றுதான். அடைத்திருந்தால் புதிது போடுங்கள், இல்லாமல் விடாதீர்கள்.

6. பழைய குழாயைக் கொண்டே புதியதை இழுப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பழைய குழாய்தான் உங்களுக்கு வழிகாட்டும் கயிறு. புதியது அதன் வாலில் கட்டப்படும் வரை அதை ஒரு விரல்கடைகூட இழுக்காதீர்கள்.

என் பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவரிடம் காற்றுக் குழாயை விட்டுவிட்டு நான் சாய் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கையில் ஒன்றரை மீட்டர் குழாயோடு நின்றார். “அண்ணே, பாதி வந்துடுச்சு, மீதி வரல.” வரைபடத்தில் நாங்கள் குறிக்காமல் விட்ட ஒரு பிடிப்பு சுவருக்குள் இருந்தது; குழாய் அங்கே அறுந்துவிட்டது. வழி தொலைந்து, உட்பலகையைக் கழற்றி, ஒரு முழு நாள் போயிற்று. குறிக்காமல் விட்டது என் பிழை. அவர் கையை மட்டும் குறை சொல்ல முடியாது.

எனவே முதலில் எல்லாப் பிடிப்புகளையும் அறுத்துவிடுங்கள். பிறகு குழாயை முன்னும் பின்னும் நாலு விரல் அசைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் சேர்ந்து அசைந்தால் விடுபட்டுவிட்டது. ஒன்று அசைந்து மற்றொன்று அசையாவிட்டால், எங்கோ இன்னும் பிடித்திருக்கிறது.

சிறிய குழாய்களுக்கு இரண்டு பக்கமும் நிப்பிளுள்ள பித்தளை இணைப்பைப் பழையதிலும் புதியதிலும் ஏற்றி, நைலான் நூலால் இறுகக் கட்டுங்கள். 38 மி.மீ. குழாய்க்கு அதன் உள்ளே இறுக்கமாகப் போகும் மரக்கட்டையை ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. நுழைத்து, பக்கத்துக்கு இரண்டு சிறு திருகு போடுங்கள். திருகின் தலை ரப்பருக்குள் அமிழ வேண்டும். மூட்டின் மேல் டேப்பை வழுவழுப்பாகச் சுற்றுங்கள். படிபோல ஒரு மேடு இருந்தாலும் சுவரின் முதல் துளையிலேயே மாட்டிக்கொள்ளும். புதிய குழாயின் பின்முனையையும் டேப்பால் மூடிவிடுங்கள். சுவருக்குள் இருக்கும் ஃபைபர் தூள் உள்ளே போனால் அது நேரே ஃபில்டரில்தான் முடியும்.

மூட்டோடு சேர்த்துத் தனியாக ஒரு நைலான் கயிற்றையும் பழைய குழாயில் கட்டி உடன் இழுத்துக்கொண்டே வாருங்கள். மூட்டு நடுவழியில் பிரிந்தாலும் கயிறு வழியைக் காத்து நிற்கும். ஐந்து ரூபாய்க் கயிறு எனக்குப் பலமுறை ஒரு நாள் வேலையைத் திருப்பித் தந்திருக்கிறது.

எந்த முனையிலிருந்து இழுப்பது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. வளைவு அதிகமுள்ள முனையிலிருந்து உள்ளே தள்ளுங்கள்; நேராக இருக்கும் முனையிலிருந்து இழுங்கள். குழாய் ஒரு வளைவைத் தாண்டும்போது, அதன் பின்னால் ஏற்கெனவே எவ்வளவு இழுவிசை இருக்கிறதோ அதுவே பெருகுகிறது. வளைவு தொடக்கத்திலேயே வந்துவிட்டால், பின்னால் இழுபடும் நீளம் குறைவு என்பதால் உராய்வும் குறைவாக இருக்கும்.

தள்ளுபவரும் இழுப்பவரும் ஒரே நேரத்தில் செயல்பட வேண்டும். தள்ளுபவர் குரல் கொடுக்க, இழுப்பவர் அதற்கு மட்டுமே இழுக்கட்டும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குழாயின் மேல் தடவிக்கொண்டே விடுங்கள். கிரீஸும் எண்ணெயும் வேண்டாம். நின்றுவிட்டால் வலுக்கட்டாயமாக இழுக்காமல், ஒரு சாண் பின்னுக்கு விட்டு, கால்வட்டம் திருப்பி மறுபடி முயலுங்கள்.

வழி ஏற்கெனவே தொலைந்துவிட்ட படகானால், எலெக்ட்ரீஷியன்கள் சுவர்க் குழாய்க்குள் விடும் நைலான் ஸ்பிரிங்கைப் பயன்படுத்துங்கள். எஃகு ஸ்பிரிங் உலோகத்தில் உரசிப் பொறி தரக்கூடும்.

7. நிரப்புக் குழாயும் காற்றுக் குழாயும் கிடக்கும் விதம்

நிரப்புக் குழாய் மூடியிலிருந்து டேங்க் வரை ஒரே இறக்கமாகப் போக வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே பெட்ரோல் எப்போதும் தேங்கி நின்று குழாயை உள்ளிருந்தே அரிக்கும். நிரப்பும்போது எதிர்த்துப் பீறிடவும் செய்யும். வளைவு கூர்மையாக இருந்தால் உள்ளே கம்பிச்சுருள் உள்ள குழாயை வாங்குங்கள், மற்றது மடிந்துவிடும். கம்பிச்சுருள் குழாயை வெட்டும்போது கம்பியின் நுனி நிப்பிளைத் தொடாதபடி உள்ளே தள்ளி நறுக்குங்கள்.

காற்றுக் குழாய் டேங்கிலிருந்து மேலேறி, ஒரு கழுத்து வளைவு போட்டு, வெளித் துவாரத்துக்குச் சற்றே இறங்க வேண்டும். அந்த வளைவுதான் அலைநீர் டேங்குக்குள் போகாமல் தடுக்கிறது.

8. பொருத்துதலும் எர்த் கம்பியும்

குழாயைக் கூரிய பிளேடால் நேர்க்கோணத்தில் வெட்டுங்கள். ரம்பம் ரப்பர் தூளை உள்ளே விடும். முனை ஏறவில்லை என்றால் ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன வெந்நீரில் ஒரு நிமிடம் முக்குங்கள், தானாக இளகும்.

குழாயை நிப்பிளில் மாட்டுவதற்கு முன்பே கிளாம்பை அதில் கோத்துவிட வேண்டும் என்பது அற்பமாகத் தோன்றும். இடுக்கில் முழங்கை வரை நுழைத்த பிறகு அது நினைவுக்கு வந்தால் கண்ணீர் வரும். நிரப்புக் குழாயின் இரு முனைகளிலும் இரட்டைக் கிளாம்ப் போட்டு, திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்குமாறு வையுங்கள். பட்டை குழாயின் விளிம்பிலிருந்து குறைந்தது 6 மி.மீ. உள்ளே, நிப்பிளின் மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும். பட்டையின் இரு ஓரத்திலும் ரப்பர் மெல்லப் புடைக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் உள்ளடுக்கு அறுபடும்.

மூடியிலிருந்து டேங்குக்கு ஒரு பச்சைக் கம்பி போயிருக்கும். பெட்ரோல் பாயும்போது எழும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்குவது அது. குழாய் மாற்றும்போது அதைக் கழற்றிவிட்டு மீண்டும் மாட்ட மறப்பவர்கள் அதிகம். வேறு சிலர், மாட்ட இடமில்லை என்று கம்பியைக் குழாய்க்கும் நிப்பிளுக்கும் நடுவில் சொருகிக் கிளாம்ப் போடுகிறார்கள். அது கசிவை நாமே உண்டாக்குவது. மூடியின் காதிலும் டேங்கின் காதிலும் தனித்தனித் திருகில் மாட்டுங்கள். மல்டிமீட்டரில் மூடிக்கும் எர்த்துக்கும் இடையே 100 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும்.

கடைசியாக, ஒரு முழத்துக்கு ஒரு பிடிப்பு வைத்துக் குழாயைக் கட்டுங்கள். எஞ்சினின் சூடான பகுதிகளுக்குப் பக்கத்தில் போக விடாதீர்கள்.

9. சோதனை

பேட்டரியை இன்னும் மாட்டாதீர்கள். சப்ளை குழாயிலேயே இருக்கும் கைப்பம்பை (ரப்பர்க் குமிழை) இறுகும் வரை அழுத்தி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பிறகு டேங்கில் 20 லிட்டர் ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்து, எல்லா மூட்டுகளையும் உலர்ந்த திசுத்தாளால் தொட்டுப் பாருங்கள்.

பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நிரப்புக் குழாயின் மூட்டும் காற்றுக் குழாயின் மூட்டும் டேங்கின் உச்சியில் இருப்பதால், டேங்க் நிறையும்போதுதான் அவை நனையும். கையால் மெதுவாக, கழுத்து வரை நிரப்புங்கள். இரவு முழுதும் எல்லா மூடிகளையும் சாத்தி வைத்து, காலையில் திறந்தவுடன் தலையை உள்ளே குனிந்து முகருங்கள். வாசனை சிறிதும் இருக்கக் கூடாது. ‘கொஞ்சம்தான் இருக்கிறது’ என்பதும் கசிவுதான். காரணம் தெரியும் வரை எஞ்சின் வேண்டாம்.

வாசனை இல்லையென்றால் பேட்டரியை மாட்டி, எஞ்சின் அறையின் ஊதியை (ஆவியை வெளியேற்றும் விசிறியை) நான்கு நிமிடம் ஓட்டிய பிறகு எஞ்சினைத் தொடங்குங்கள். ஒருவர் உள்ளே மூட்டுகளைப் பார்த்தபடி இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து எல்லாக் கிளாம்ப்களையும் ஒரு முறை திருகிப் பாருங்கள்; புதிய ரப்பர் அமர்ந்து, கால் சுற்று தளர்ந்திருக்கும்.

கழற்றிய பழைய குழாயை ஒரு சாண் துண்டுகளாக நறுக்கிக் கழித்துவிடுங்கள். முழு நீளத்தில் பட்டறை மூலையில் கிடந்தால், யாராவது நல்ல குழாய் என்று நம்பி இன்னொரு படகில் மாட்டிவிடுவார்கள்.